வானத்துக் கோபுரமும் அதன் வரவு செலவும்

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஓடுகிற தண்ணீரில் எறிவதற்கும் கணக்கு வேண்டும் என்று சொன்ன நம் பெரியோர், எந்த அளவையைக் கொண்டு அளப்பது என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டனர். சென்னைப் பட்டணத்தில் படியும் மரக்காலும் வழங்கிய காலத்தில் திருவிதாங்கூரில் இடங்கழியும் பறையும் வழங்கின. குவியலில் இருந்த நெல் ஒன்றுதான். அளவை மாறினால் எண்ணிக்கை மாறிவிடும்.

நெல்லுக்கு உள்ள இந்த நியாயம் பெரிய பொதுத் திட்டங்களுக்கும் உண்டு. நாட்டு மக்கள் அனைவருக்கும் செய்தியையும் கல்வியையும் கொண்டு சேர்க்கப் புதியதொரு சாதனத்தை ஏற்படுத்த எண்ணும்பொழுது, இரண்டு கேள்விகள் உடனே எழுகின்றன. இது நடக்கக் கூடியதா? இதற்கு என்ன செலவாகும்? இவ்விரண்டுக்கும் விடை காண்பதற்கு முன்னர், யாருக்காக அளக்கிறோம் என்ற மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் சிலர். அவர்களுடைய வரலாறு நாம் வாழ்ந்துவரும் திருவனந்தபுரத்தின் கடற்கரையோடு தொடர்புடையது.

நகருக்கு வடமேற்கே, வேளிக் காயலை அடுத்து, அரபிக் கடலோரத்தில் தும்பா என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. நாம் தும்பை என்று சொல்லும் சிறு செடிக்கு மலையாளத்தில் தும்ப என்று பெயர். பூமியின் காந்த நடுக்கோடு இவ்வூருக்கு அருகே சென்றமையால், மேல் வானத்தை ஆராய்வதற்கு ஏற்ற இடம் இதுவென்று விஞ்ஞானிகள் கண்டனர். விண்வெளி ஆராய்ச்சிக்காக 1962ஆம் ஆண்டு அமைந்த தேசியக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் விக்ரம் சாராபாய். ஊர் மக்களும், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் இசைந்து, புனித மரிய மதலேனாள் ஆலயத்தையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்தனர். ஆலயமே அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை, நைக்-அப்பாச்சி என்னும் அமெரிக்க ராக்கெட் அங்கிருந்து சீறிக் கிளம்பிற்று. அதைப் பொருத்தி ஆயத்தம் செய்தவர்களுள் இராமேசுவரத்தில் பிறந்த இளைஞர் ஒருவரும் இருந்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம்தான் அவர். இன்று அவ்வாலயம் விண்வெளிக் கண்காட்சிச் சாலையாக நிற்கிறது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று அக்காலத்தில் பலரும் கேட்டனர். கேட்பது நியாயமே. பிற நாடுகளோடு போட்டி போட்டுச் சந்திரனுக்குச் செல்வது நமது நோக்கமன்று, நம் மக்களின் அன்றாடத் தேவைகளுக்கு இவ்விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதே நோக்கம் என்ற கருத்தைச் சாராபாய் ஓயாது எடுத்துரைத்தார். அத்தேவைகளுள் அவர் முதன்மையாகக் கருதியது கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி தருவது.

அன்றைய நிலையை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நாட்டிலிருந்த கிராமங்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவை. தொலைக்காட்சியோ 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனையாகத் தொடங்கி, அதன் பின்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் வரை தில்லியை விட்டு நகரவில்லை. இரண்டாவது நிலையமான பம்பாய் நிலையம் 1972 அக்டோபர் 2ஆம் நாள்தான் திறக்கப்பட்டது.

ஒரு சாதனத்தைப் பெருக்குவதற்கு முன் சிறு அளவில் நடத்திப் பார்த்து மதிப்பிடும் வழக்கத்தை நம் நாட்டில் வானொலி முன்னமே கைக்கொண்டிருந்தது. 1956ஆம் ஆண்டு, யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன், அகில இந்திய வானொலி புனே நகரைச் சூழ்ந்த மாவட்டங்களில் 150 கிராமங்களில் விவசாயிகளின் கேட்புக் குழுக்களை அமைத்தது. ஒலிபரப்பைக் கேட்டபின் அவர்கள் கூடி விவாதித்தனர். வானொலிப் பெட்டி இருந்தும் குழு இல்லாத கிராமங்களையும், பெட்டியே இல்லாத கிராமங்களையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அறிவு மிகுந்தது குழு அமைந்த இடங்களிலே என்று தெரியவந்தது. பெட்டியின் விலையை மட்டும் கணக்கிட்டால் போதாது. அதைச் சுற்றிக் கூடும் மனிதர்களுக்கான ஏற்பாட்டையும் கணக்கிட வேண்டும் என்ற பாடத்தை அது கற்பித்தது.

அதே முறையில் 1967 ஜனவரி 26ஆம் நாள் ‘கிருஷி தர்சன்’ என்னும் விவசாய நிகழ்ச்சி தில்லியில் தொடங்கியது. தில்லிக்கு அருகிலுள்ள 80 கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. உழவர்கள் கூடிப் பார்ப்பார்களா, பார்த்ததைப் புரிந்துகொள்வார்களா, பெட்டிகள் கிராமத்துப் புழுதியையும் மின்சாரத்தையும் தாங்குமா என்று சோதிப்பதே கருத்து. உழவர்கள் பார்த்தார்கள், பயன்பெற்றார்கள். அப்படியானால் 80 கிராமங்களுக்கு இயன்றதை ஐந்தரை லட்சம் கிராமங்களுக்கும் இயலச் செய்வது எப்படி?

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. வானொலியின் மத்திய அலை நெடுந்தூரம் செல்லும். தொலைக்காட்சி அலையோ ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வது. கோபுரத்தின் கண்ணுக்கு எட்டிய தொலைவோடு நின்றுவிடும். ஒரு கோபுரம் சுற்றிலும் 60 கிலோமீட்டர் வரை சென்று சேரும் என்று வைத்துக்கொள்வோம். அதன் வட்டம் ஏறத்தாழ 11,300 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்போ ஏறத்தாழ 33 லட்சம் சதுர கிலோமீட்டர். வெறும் வகுத்தலிலேயே 290 நிலையங்கள் வேண்டும். வட்டங்களை இடைவெளியின்றி அடுக்க முடியாதாகையால் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். மலைகள் குறுக்கிட்டால் இன்னும் சில கோபுரங்கள் வேண்டும். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்க நுண்ணலைத் தொடர் வேண்டும். ஆண்டுக்குப் பத்து நிலையங்கள் கட்டினாலும் முப்பது ஆண்டுகளில் முடியாத வேலை அது.

மேலும், இவ்வாறு கட்டும்பொழுது முதல் கோபுரம் எங்கே எழும்? மக்கள் நெருங்கி வாழும் நகரத்தில் எழும். அங்கே ஒரு கோபுரத்தின் செலவைப் பல லட்சம் பேர் பங்கிட்டுக்கொள்கின்றனர். கடைசிக் கோபுரம் எங்கே எழும்? பாலைவனத்திலும் காட்டிலும் எழும். அங்கே அதே செலவைச் சில ஆயிரம் பேரே பங்கிட வேண்டும். ஆகவே செலவைப் பார்க்கும் எந்த அதிகாரியும் நகரத்தை முன்னும் காட்டை பின்னும் வைப்பார். அவர் கெட்டவர் அல்லர். அவர் கையிலுள்ள படி அவ்வாறு அளக்கிறது. யாருக்குத் தொலைக்காட்சியின் கல்வி மிகுதியாகத் தேவையோ அவர்களே வரிசையில் கடைசியாக நிற்பர். சாராபாய் இந்த வரிசையைத் தலைகீழாக்க விரும்பினார். எல்லாவற்றுக்கும் தொலைவிலுள்ள கிராமத்திற்கு முதல் ஆண்டிலேயே கொண்டு சேர்க்க என்ன செலவாகும் என்று கேட்டார். கேள்வி மாறியவுடன், பூமியில் நிற்கும் கோபுரத்தை விட வானத்தில் நிற்கும் கோபுரம் மலிவாகத் தோன்றத் தொடங்கியது.

வானத்துக் கோபுரம் என்பது செயற்கைக்கோள். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளைச் செலுத்தினால், பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். செய்தித் தொடர்புக்கு இதனைப் பயன்படுத்தலாம் என்று 1945ஆம் ஆண்டு எழுதியவர் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர். பின்னர் இலங்கையிற் குடியேறிக் கொழும்பில் வாழ்ந்தவர். அத்தகைய கோளுக்கு நகரமும் காடும் ஒன்றே. தில்லியில் ஒரு வீட்டுக்குச் செல்லும் அலையே பஸ்தர்க் காட்டில் ஒரு குடிசைக்கும் செல்லும். தூரம் என்பது செலவுக் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறது.

ஆனால் இன்னொரு செலவு வந்து சேர்கிறது. அக்காலத்துச் செயற்கைக்கோள்களின் ஒலி மிக மெலிந்தது. அதை வாங்குவதற்குப் பூமியில் மாபெரும் கிண்ணம் போன்ற வானலை வாங்கி வேண்டியிருந்தது. கிராமந்தோறும் அதை நிறுவ முடியாது. ஆகவே கோளை வலிமையுடையதாக ஆக்கிக் கிராமத்துக் கிண்ணத்தைச் சிறிதாக்க வேண்டும். வானத்தில் ஒரு முறை கூடுதலாகச் செலவிட்டால் பூமியில் லட்சக்கணக்கான முறை மிச்சமாகும். ஒரு கிராமப் பெட்டியில் நூறு ரூபாய் குறைந்தால் ஐந்து லட்சம் பெட்டிகளில் 5 கோடி ரூபாய் குறையும் அல்லவா? எங்கே செலவிட்டு எங்கே மிச்சம் பிடிப்பது என்பதே பொறியியலாருக்கும் பொருளியலாருக்கும் அன்று கிடைத்த சிக்கல்.

இதனைப் பலரும் ஆராய்ந்தனர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் இந்தியாவையும் பிரேசிலையும் இந்தோனேசியாவையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். 1967ஆம் ஆண்டின் இறுதியில் யுனெஸ்கோ நிபுணர் குழு ஒன்று இந்தியாவுக்கு வந்து பார்த்தது. இந்திய விஞ்ஞானிகள் அமெரிக்க நாசா நிறுவனத்தாருடன் சேர்ந்து செலவுகளை ஒப்பிட்டனர். 1968ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தேசியச் செயற்கைக்கோள் தொடர்புக் குழுவை அமைத்தது. ஒப்பிடப்பட்ட வழிகள் முக்கியமாக மூன்று. பூமியிலேயே கோபுரங்களை எழுப்பி நாடு முழுதும் இணைப்பது ஒன்று. ஒவ்வொரு கிராமமும் கோளிலிருந்து நேரே வாங்குவது மற்றொன்று. பெருநகரங்களில் கோபுரமும் மற்ற இடங்களில் கோளும் என இரண்டையும் கலப்பது மூன்றாவது.

கலப்பு முறையே குறைந்த செலவில் மிகுந்த மக்களை எட்டும் என்று முடிவாயிற்று. காரணம் எளிது. நகரத்தில் வீட்டுக்கு வீடு கிண்ணம் வைப்பதை விட ஒரு கோபுரம் மலிவு. சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்குக் கோபுரம் கட்டுவதை விடக் கிண்ணம் மலிவு. ஒன்றே நல்லது, மற்றது தீயது என்று வாதிட்டவர்களுக்கு நடுவே, எங்கே எது மலிவோ அங்கே அதை வை என்ற சமையற்கட்டு ஞானம் வென்றது. 1969ஆம் ஆண்டு தில்லியில் நடந்த மாநாட்டில் வளர்ச்சிக்குத் தொலைக்காட்சி என்னும் பொருள் பற்றிச் சாராபாய் படித்த கட்டுரை இக்கருத்துகளை உலகறியச் செய்தது.

காகிதத்தில் இயலும் என்று காட்டியது களத்திலும் இயலுமா? அதைப் பார்க்க இந்திய அணுசக்தி இலாகாவும் நாசாவும் 1969 செப்டம்பர் 18ஆம் நாள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நாசாவின் கோளை ஓராண்டுக் காலம் இந்தியா பயன்படுத்தலாம். பூமியில் வேண்டிய நிலையங்கள், பெட்டிகள், நிகழ்ச்சிகள் யாவும் இந்தியாவின் பொறுப்பு. அதன் பயனைக் காண்பதற்குச் சாராபாய் இருக்கவில்லை. தும்பாப் பணிகளுக்காகத் திருவனந்தபுரம் வந்திருந்த அவர், 1971 டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் உறக்கத்திலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 52. தும்பாவிலுள்ள விண்வெளி மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்குப் பின் சதீஷ் தவான் தலைமையில் இஸ்ரோ பணியைத் தொடர்ந்தது. ஏ.டி.எஸ். 6 என்னும் கோள் 1974 மே 30ஆம் நாள் ஏவப்பட்டது. வானத்தில் விரியும் அதன் கிண்ணம் ஏறத்தாழ 9 மீட்டர் அகலம். முதலாண்டு அமெரிக்காவில் பயன்பட்ட பின் அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தப்பட்டது. 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 ஜூலை 31 வரை ‘சைட்’ என்னும் அந்தச் சோதனை நடந்தது. இராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோழிக்கூண்டுக்கு இடும் வலைக்கம்பியைக் கொண்டு 3 மீட்டர் அகலக் கிண்ணங்கள் செய்யப்பட்டன. காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. கொழும்பில் ஆர்தர் கிளார்க்கின் இல்லத்திலும் இந்திய விஞ்ஞானிகள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் நிறுவினர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதைத் தம் வீட்டிலேயே அவர் கண்டார்.

ஓராண்டு முடிவில் தெரியவந்தவை பல. சமூக ஆராய்ச்சியாளர்கள் சில கிராமங்களில் தங்கியிருந்தே மக்களைக் கவனித்தனர். உடல்நலம், குடும்பக் கட்டுப்பாடு போன்ற பொருள்களில் எழுத்தறிந்தவரை விட எழுத்தறியாதவரும், ஆண்களை விடப் பெண்களும் மிகுதியாகத் தெரிந்துகொண்டனர் என்று கண்டனர். பள்ளி ஆசிரியர்களுக்குத் தொலைக்காட்சி வழியே பயிற்சி அளித்ததில் ஏறத்தாழ 50,000 பேர் கலந்துகொண்டனர். விவசாயத்தில் மட்டும் எதிர்பார்த்த அளவு பயன் காணப்படவில்லை. ஒரு வட்டாரத்து மண்ணுக்குச் சொல்லும் யோசனை மற்றொரு வட்டாரத்து மண்ணுக்குப் பொருந்துவதில்லை. கோள் தூரத்தை அழித்ததே தவிர மண்ணின் வேற்றுமையை அழிக்கவில்லை.

இவற்றோடு, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் கண்ணில் வேறொன்றும் படுகிறது. அக்கோள் கொண்டுவந்த காட்சி ஒன்று. அதனோடு வந்த ஒலிவழிகள் இரண்டு. ஆகவே ஒரே காட்சியை ஆந்திரத்துக் கிராமம் தெலுங்கிலும் கர்நாடகத்துக் கிராமம் கன்னடத்திலும் கேட்க முடிந்தது. மற்ற நேரங்களில் இந்தியும் ஒரியாவும் முறைவைத்து ஒலித்தன. நான்கு மொழிகளுக்குள் ஒரு நாளின் நேரம் பங்கிடப்பட்டபொழுது ஒவ்வொரு மொழிக்கும் கிடைத்தது சொற்பமே. தமிழுக்கும் மலையாளத்துக்கும் அச்சோதனையில் இடமில்லை. சோதனை தொடங்கிய அதே ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. அது நகரக் கோபுரம். எந்த விஞ்ஞானத்தின் முதல் ராக்கெட் திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து எழுந்ததோ அந்த விஞ்ஞானத்தின் பயன் இக்கடற்கரை மக்களின் மொழியில் அன்று வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சோதனை என்றால் சில இடங்களைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தது நியாயமே. ஆயினும் மொழி என்பது இலவசமாக வருவதன்று, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழியும் ஒரு நேரமும் ஒரு செலவும் உண்டு என்பதை நாடு அன்று எண்ணிக்கையாகக் கண்டது.

அக்காட்சியை நாம் நம் மேசையிலேயே கண்டதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பொதுமக்களுக்கான புதிய கணிப்பொறி ஏற்பாடு ஒன்றுக்கு எஸ்டிமேட் தயாராயிற்று. இயந்திரங்கள், கம்பிகள், மேசை நாற்காலிகள், பராமரிப்பு யாவும் பைசாவரை எழுதப்பட்டிருந்தன. மக்கள் எந்த மொழியில் அதைப் படிப்பார்கள் என்ற வரி மட்டும் காணப்படவில்லை. ஏற்பாடு முடிந்து திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்பொழுது, நூற்றுக்கணக்கான பக்கங்கள் மொழிபெயர்ப்புக்காக நம்மிடம் வந்தன. இரவும் பகலும் உழைத்துப் பாதி முடித்தோம். மறுபாதி பல மாதங்கள் ஆங்கிலத்திலேயே கிடந்தது. விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியவர் ஒருவர் அந்தத் திரையின் முன் நின்று திரும்பிப் போனதைக் கண்டோம். அந்த எஸ்டிமேட்டில் கூட்டல் கழித்தல் பிழை ஏதும் இல்லை. அம்முதியவர் மட்டும் அதில் இல்லை.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1976 ஜூலையோடு கோள் திரும்பிப் போயிற்று. ஓராண்டு பேசிய பெட்டிகள் மௌனமாயின. 1977ஆம் ஆண்டு முதல் ஜெய்ப்பூர், ராய்ப்பூர், முசாபர்ப்பூர், சம்பல்பூர், குல்பர்கா முதலிய இடங்களில் எழுந்த தரை நிலையங்கள் அக்கிராமங்களில் ஒரு பகுதிக்கே மீண்டும் ஒளி தந்தன. தொடங்குவதற்கு ஆகும் செலவைப் போலவே தொடர்வதற்கு ஆகும் செலவும் முன்கூட்டியே கணக்கில் வர வேண்டும் என்பதற்கு மற்ற கிராமங்களே சாட்சி.

நமக்கென்று ஒரு கோள் வேண்டும் என்ற முடிவின் பயனாக இன்சாட் திட்டம் வந்தது. இதன் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. தொலைபேசி, வானிலை ஆராய்ச்சி, வானொலி, தொலைக்காட்சி ஆகிய பணிகளை ஒரே கோளில் ஏற்றி, அவற்றுக்குரிய இலாகாக்கள் பயனைப் பங்கிட்டுக்கொண்டன. கூட்டுக் குடும்பத்தில் ஒரே அடுப்பு எரிவதைப் போன்றது இது. ஆனால் ஒரே அடுப்பு அணைந்தால் எல்லோரும் பட்டினி. 1982 ஏப்ரல் 10ஆம் நாள் ஏவப்பட்ட இன்சாட் 1ஏ, அதே ஆண்டு செப்டம்பரில் செயலிழந்தது. 1983 ஆகஸ்டு 30ஆம் நாள் ஏவப்பட்ட இன்சாட் 1பி நிலைத்து நின்று நாட்டை இணைத்தது. தோல்விக்கும் ஒரு தொகை ஒதுக்காத எஸ்டிமேட், எஸ்டிமேட் ஆகாது.

1984ஆம் ஆண்டு சில மாதங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நிலையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. அவை கோளிலிருந்து வாங்கிச் சுற்றுப்புறத்துக்குப் பரப்பின. 1969ஆம் ஆண்டு கூறப்பட்ட கலப்பு முறை, ஒருவகையில் வெற்றி பெற்றது என்றே சொல்லலாம். 1985 ஜனவரியில் திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பும் தொடங்கியது. ஆனால் படி மட்டும் மாறிவிட்டது. சிறு நிலையங்கள் எழுந்தவை பெரும்பாலும் ஊர்களிலும் பட்டணங்களிலும். பெட்டியை வாங்கியவர்கள் வசதியுள்ள குடும்பத்தார். கிராமத்துப் பொதுப் பெட்டி என்னும் எண்ணம் மெல்ல மெல்லப் பின்னுக்குச் சென்றது. தொழில்நுட்பம் சாராபாய் சொன்னபடி அமைந்தது. வரிசை பழையபடி திரும்பிற்று.

இவ்வரலாற்றின் பிற்பகுதி மறுபடியும் நம் நகரிலேயே நிகழ்ந்தது. கல்விக்கென்றே எஜுசாட் என்னும் கோள் 2004 செப்டம்பர் 20ஆம் நாள் ஏவப்பட்டது. அதைப் பயன்படுத்திய கேரளத்தின் ‘விக்டர்ஸ்’ கல்வி ஒளிபரப்பை, 2005 ஜூலை 28ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தவர் குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம். தும்பாவில் முதல் ராக்கெட்டைப் பொருத்திய கரமே அதற்கும் விளக்கேற்றியது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 2020ஆம் ஆண்டு, கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, ஜூன் முதல் நாள் அவ்வலைவரிசையில் பாடங்கள் தொடங்கின. அதற்கு முன் ஒரு கணக்கு எடுத்தார்கள். வீட்டில் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று அது காட்டிற்று. நூலகங்களிலும் பொது இடங்களிலும் பெட்டிகள் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டினர். அரை நூற்றாண்டுக்கு முன் கூறப்பட்ட பொதுப் பெட்டி, தேவை வந்தபொழுது மீண்டும் எழுந்தது. மலையாளத்தோடு, இம்மாநிலத்தில் தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் பயிலும் பிள்ளைகளுக்கும் பாடங்கள் ஆயத்தம் செய்யப்பட்டன. இரண்டு ஒலிவழிகளில் நான்கு மொழிகளை அடக்கப் பாடுபட்ட காலத்திலிருந்து இது எவ்வளவு தூரம்! ஆனால் வழி பெருகியதால் மட்டும் இது நிகழவில்லை. தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று யாரோ ஒருவர் கணக்கில் ஒரு வரி சேர்த்ததால் நிகழ்ந்தது.

சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழும் நம் போன்றோருக்கு இதில் ஒரு சிறப்பான அக்கறை உண்டு. எந்த மாநிலத்திலும் நாம் சிறு தொகையினர். செலவை ஆள்வீதம் வகுத்துப் பார்க்கும் படியால் அளந்தால், நமது மொழியில் ஒரு பலகையோ ஒரு படிவமோ ஒரு பாடமோ எப்பொழுதும் கட்டுப்படியாகாததாகவே தோன்றும். பாலைவனக் கிராமம் எந்த வரிசையில் நிற்கிறதோ அதே வரிசையிலேதான் நாமும் நிற்கிறோம். அவ்வாறே நம் தமிழகத்தில் வாழும் பிற மொழியினரும் நிற்கின்றனர். இதை நாம் மறக்கலாகாது.

ஆகவே புதிய சாதனம் எதுவாயினும், அதன் மதிப்பீட்டை நம்மிடம் காட்டும்பொழுது சில வினாக்களைக் கேட்போமாக. கடைசியில் நிற்பவரிடம் இது எப்போது சென்று சேரும்? அவர் எந்த மொழியில் இதைப் புரிந்துகொள்வார்? பழுதானால் யார் வந்து பார்ப்பார்? முதல் முயற்சி தவறினால் என்ன செய்வோம்? ஓராண்டு கழித்து இதை நடத்தப் பணம் எங்கே? இவ்வைந்துக்கும் விடை எழுதிய பின்னர் கூட்டுத் தொகையைப் போடுவதே முறை. தொகை பெரிதாகலாம். பெரிதானாலும் அது மெய்யான தொகை.

தும்பாக் கடற்கரையில் மாலை வேளையில் நின்றால், ஒருபுறம் மீனவர் வலை இழுக்கும் ஓசையும், மறுபுறம் விண்வெளி மையத்தின் மதிலும் தெரியும். தங்கள் ஆலயத்தையே கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கின்றனர். அவர்கள் கொடுத்தது எந்த எஸ்டிமேட்டிலும் ரூபாயாக ஏறவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்துதான் போட வேண்டும். அளக்கும் படியில் அத்தகையோருக்கும் இடம் இருக்கட்டும்.